பதினான்கு வோல்ட்

தூத்துக்குடியில் சுங்கம் முடித்து
சாயல்குடி வழியாகக் குட்டியானை வண்டியில்
மூக்கையூர் வந்து இறங்கியது பெட்டி.
உள்ளே ஆறு பச்சைப் பலகை,
ஒரு பை நிறையக் கனெக்டர்,
ஜெர்மன் பாஷையில் கையேடு.

'விசைப்படகுக்கு வயர்லெஸ் மாட்டுறவ,
இத மாட்ட மாட்டியா ஜெனோவா?'
என்றார் பங்குச் சாமியார்.

பாடகர் மாடத்தில் ஏறி எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு குழல்,
பதினோரு வருசமாக மூச்சில்லாமல்.
ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வாய்
சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.
பங்குப்பேரவையில் பன்னிரண்டு பேர்தான்.

பழைய கம்பியை அறுத்து இறக்கினோம்.
பஞ்சுநூல் சுற்றிய செம்பு,
தொட்ட இடமெல்லாம் பச்சைக் களிம்பு.
உப்புக்கு ராகம் தெரியாது; சால்டர் தெரியும்.
அம்புரோஸ் எடைக்குப் போட்டுவிட்டு வந்தான்,
ஒன்பது கிலோ.
அந்தக் காசில் ஈயக்கம்பி வாங்கினோம்.

பழைய வயரிங் மீன் ஏலம் மாதிரி:
அறுபத்தொரு கட்டையும்
அதனதன் கம்பியில் ஒரே நேரத்தில் கத்தும்.
புதியது ரேஷன் கடை.
ஒரே கேபிள், வரிசை.
நீ அழுந்தியிருக்கிறாயா, நீ, நீ என்று
நொடிக்கு ஆயிரம் தடவை
கேட்டுக்கொண்டே போகும் பலகை.
இல்லை என்ற பதிலையும்
மரியாதையாக வாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு குழலடியிலும் ஒரு காந்தம்.
பதினான்கு வோல்ட் வந்தால் இழுக்கும்,
நின்றால் விடும்.
விடும்போது ஓர் உதை.
அந்த உதையை வாங்கத்தான்
குறுக்கே கறுப்பு டயோடு,
வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம்.
மூன்றைத் திருப்பி வைத்துவிட்டேன்.
பியூஸ் சொல்லித்தான் தெரிந்தது.

இரவு வெளிச்சத்தில்
ஊதாவும் சாம்பலும் ஒரே நிறம்.
கிளாடியஸ் வாத்தியார் ஒரு கட்டையை அழுத்தினால்
அடுத்த வீட்டுக் குழல் எட்டிப் பார்த்தது.
மாற்றிக் கட்டினேன்.

வெளியே சன்னலைப் பிடுங்குகிற கச்சான்.
உள்ளே மூன்று குதிரைத்திறன் மோட்டார்.
காற்றுக்குக் கரண்ட் பில் கட்டப்போகிறோம்,
அதுவும் இந்தக் கரையில்.

சனிக்கிழமை இரவு பத்து மணி.
கட்டை முன்னால் யாரும் இல்லை.
இருப்பதிலேயே பெரிய குழல்
தானாகப் பிடித்துக்கொண்டது.
விடவில்லை.
தரை நடுங்கியது.
சுரூபக் கூண்டின் கண்ணாடி கூடவே பேசியது.
கடற்கரையிலிருந்து ஓடிவந்த மிக்கேலடிமை
'எந்தக் கப்பல் தரைதட்டுச்சு?' என்றார்.
உபதேசியார் செபமாலையை எடுத்துவிட்டார்.
பிறகு மின்சாரம் போனது.

மோட்டார் நின்றும் குழல் நிற்கவில்லை.
தோல்பையில் மிச்சமிருந்த காற்றைத் தின்றுகொண்டே
சரிந்தது அந்த ஒற்றைச் சுரம்,
சுருதி இறங்கி, கனம் இறங்கி,
கடைசியில் குழாய்க்குள் யாரோ
செருப்பில்லாமல் நடக்கிற சத்தம்.
இருட்டில் எட்டுப் பேர் நின்றோம்.
குழல் எங்கே விட்டது,
கச்சான் எங்கே தொட்டது,
ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கரண்ட் வந்தது.
குழலும் வந்தது, அதே பிடிவாதத்தோடு.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன்.
பலகை சரி. கம்பி சரி.
மீட்டரில் பூச்சியம்.
பதினான்கு வோல்ட்டும் இல்லாமல்
எதற்குத் திறந்து கிடக்கிறாய்?
காந்தத்தின் தொப்பியைத் திருகிக் கழற்றினேன்.
தகட்டுக்கு அடியில்
நகக்கண் அளவு, பளபளவென்று
ஒரு சூடைமீன் செதில்.

காலையில் அந்திரேயா படகில்
எக்கோ சவுண்டர் கழற்றியவள் நான்.
கை கழுவிவிட்டு வந்ததாகத்தான் ஞாபகம்.

'என்னம்மா கோளாறு?'
கீழேயிருந்து சாமியார்.

செதிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பராமரிப்பு நோட்டில் தேதி போட்டு
'தூசி' என்று எழுதினேன்.